திமிங்கிலங்கள் கிடக்கும் பாலைவனம்: ஃபயூம் பயணக் குறிப்புகள்

ஞாயிறு, கீசா

ஃபயூம் பாலைவனத்தின் தொல்லுயிர்களைக் காணப் புறப்பட்ட இந்தப் பயணத்தைக் கீசாவில் தொடங்குவது என்று முன்பே முடிவு செய்திருந்தோம். பெரும் பிரமிடின் அடிவரிசைக் கற்களை நெருங்கிப் பார்த்தால், அவற்றின் மேற்பரப்பில் நாணயம் போன்ற வட்டத் தகடுகள் நெருக்கமாகப் பதிந்திருப்பது தெரியும். நம்முலைட்டு எனப்படும் கடல்வாழ் ஒருசெல் உயிரிகளின் ஓடுகள் அவை. சில பருப்பளவே இருக்கின்றன. சில என் கட்டைவிரல் நகத்தைவிடப் பெரியவை. குறுக்கே உடைந்த ஓர் ஓட்டை என் மகள் பூதக்கண்ணாடியால் பார்த்துவிட்டு, "அப்பா, உள்ளே சுருள் சுருளாக அறைகள் இருக்கின்றன, பாருங்கள்" என்றாள். ஒரே ஒரு செல்லைக் கொண்ட உயிர் இவ்வளவு பெரிய ஓட்டை, இத்தனை அறைகளோடு கட்டியிருக்கிறது. அத்தகைய கோடானு கோடி ஓடுகள் நாலரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமற்ற கடலடியில் படிந்து இறுகி உண்டான சுண்ணாம்புக்கல்லை வெட்டித்தான் பிரமிடின் பெரும்பகுதியை எழுப்பியிருக்கிறார்கள்.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கு வந்த கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ, பிரமிடுகளின் அருகே குவிந்து கிடந்த கற்சில்லுகளில் பருப்பு வடிவத் துண்டுகளைக் கண்டதாகவும், வேலையாட்கள் உண்டு மிஞ்சிய உணவே கல்லாகிப்போனது என்று ஊரார் சொன்னதாகவும் எழுதியிருக்கிறார். தம் சொந்த ஊரிலும் ஒரு குன்றில் இப்படிப்பட்ட கற்கள் உண்டு என்று குறித்து வைத்தார். அவருக்கும் நானூறு ஆண்டுகள் முந்திய ஹெரோடோட்டஸ், எகிப்தின் குன்றுகளில் கடற்சிப்பிகள் கிடப்பதையும் நிலத்தில் உப்புப் பூப்பதையும் வைத்து, இந்த நாடு ஒரு காலத்தில் கடலின் குடாவாக இருந்திருக்கும் என்று கணித்தார். கண்ணால் கண்டதை மட்டும் கொண்டு அவர் எட்டிய அந்த முடிவை நான் பெரிதும் மதிக்கிறேன்.

பெரும் பிரமிடின் கிழக்குப் பக்கத்தில், கூஃபு மன்னனின் ஈமக்கோயில் இருந்த இடத்தில், கருங்கல் தளத்தின் ஒரு பகுதி மிஞ்சியிருக்கிறது. எரிமலைக் குழம்பு இறுகி உண்டான பசால்ட்டுப் பாறை அது. செவ்வாயன்று நாங்கள் போகவிருக்கும் மலைத்தொடரிலிருந்து வெட்டிக் கொண்டுவரப்பட்டது என்பதால் அதையும் சற்று நேரம் நின்று பார்த்துக்கொண்டோம்.

திங்கள், காரூன் ஏரி

கெய்ரோவிலிருந்து தென்மேற்கே இரண்டு மணி நேரத்துக்குள் ஃபயூம் பள்ளம் வந்துவிடுகிறது. நைல் நதியிலிருந்து பிரிந்து வரும் கால்வாயால் பசுமை பெற்ற இந்தத் தாழ்நிலத்தின் வடக்கு ஓரத்தில், கடல்மட்டத்துக்கு நாற்பது மீட்டருக்கும் கீழே, உப்பேறிய காரூன் ஏரி கிடக்கிறது. பழங்காலத்தில் மோரிஸ் என்ற பெயரில் இதைவிடப் பன்மடங்கு விரிந்திருந்த ஏரியின் மிச்சம் இது. தென்கரையில் வயலும் பேரீச்சை மரங்களும் இருக்கின்றன. வடகரையில் ஒரு புல்கூட இல்லை. அங்கிருந்து படிப்படியாகப் பாறை அடுக்குகள் எழுகின்றன. ஏரிக்கரையில் நின்று வடக்கே பார்த்தால் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட புவி வரலாறு ஒரே பார்வையில் அகப்படுகிறது: அடியில் கடலடிப் படிவுகள், இடையில் கழிமுகத்தின் மணலும் சேறும், மேலே ஆற்றுப் படிவுகள், எல்லாவற்றுக்கும் உச்சியில் கறுப்பு மூடி போட்டதைப் போலப் பசால்ட்டு.

ஏரியின் நடுவில் உள்ள தீவில், 1879இல், ஜெர்மானிய ஆய்வாளர் கியோர்க் ஷ்வைன்ஃபுர்ட் தொன்மையான திமிங்கில எலும்புகளைக் கண்டெடுத்தார். எகிப்தின் திமிங்கிலக் கதை அங்கிருந்து தொடங்குகிறது. தீவுக்குப் படகில் செல்ல எங்களுக்கு நேரம் வாய்க்கவில்லை. துனிஸ் என்ற மண்பாண்டக் கலைஞர்களின் ஊரில் இரவு தங்கினோம்.

செவ்வாய், கஸ்ர் அல்-சாகாவும் கத்ரானி மலையும்

விடியற்காலையில் நான்கு சக்கர இயக்க வண்டியில் ஏரியின் வடகரைக்குப் போனோம். ஓட்டுநரும் வழிகாட்டியும் ஒருவரே. இந்தப் பகுதியைச் சேர்ந்த, பெதூயின் என்ற பாலைவன மக்களின் குடும்பத்துப் பெரியவர். சக்கரத் தடம் இல்லாத இடத்தில் வண்டியைச் செலுத்த மறுக்கும் அவரது கண்டிப்பு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மணலுக்கு ஒரு விரற்கடை கீழே என்ன கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாத நிலம் இது.

கஸ்ர் அல்-சாகாவில், கல்வெட்டு ஒன்றும் பொறிக்கப்படாமல் முற்றுப்பெறாத நிலையில் விடப்பட்ட ஒரு கோயில், வெட்டவெளியில் தனியாக நிற்கிறது. அதன் பின்னாலுள்ள செங்குத்துச் சரிவின் அடுக்குகளில்தான், 1901 முதல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த சார்லஸ் ஆண்ட்ரூஸும் எகிப்திய நில அளவைத் துறையின் ஹியூ பீட்னெலும் யானைகளின் முன்னோர்களைத் தேடி எடுத்தார்கள். பழைய ஏரியின் பெயரால் மோரிதேரியம் என்று அழைக்கப்பட்ட விலங்குக்குத் தும்பிக்கையும் இல்லை, பெருந்தந்தமும் இல்லை. நீண்ட உடலும் குட்டைக் கால்களும் கொண்டு சதுப்பு நீரில் உழன்று திரிந்தது. யானைக் குடும்பம் ஆப்பிரிக்காவில் உருவானது என்பதற்கு அன்று கிடைத்த வலுவான சான்றுகளில் இதுவும் ஒன்று. ஜிகாண்டோஃபிஸ் என்ற பெரும்பாம்பின் முள்ளெலும்புகளையும் ஆண்ட்ரூஸ் 1901இல் இந்த நிலத்திலிருந்தே விவரித்தார். அதே பாம்புக் குடும்பத்தைச் சேர்ந்த வாசுகி இண்டிகஸ், குஜராத்தில் கச்சு மாவட்டத்தின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து கிடைத்து 2024இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இந்தியத் துணைக்கண்டத்துக்கும் வட ஆப்பிரிக்காவுக்கும் இடையே இத்தகைய உயிரினங்கள் எவ்வழியே பரவின என்ற கேள்வி அதன் பிறகு இன்னும் கூர்மை பெற்றிருக்கிறது.

மேலே ஏறினால் கத்ரானி அடுக்குகள். இங்கே கடல் விலகிவிட்டது. ஏறத்தாழ 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, ஆறுகள் ஓடிய, வெப்பமும் ஈரமும் மிகுந்த காட்டு நிலமாக இது இருந்தது. கல்லாகிப்போன மரத்தண்டுகள் ஆங்காங்கே கிடக்கின்றன. ஒன்றின் வெட்டுமுகத்தில் மரத்தின் நார்க்கோடுகள் அப்படியே தெரிகின்றன, தொட்டால் மட்டும் கண்ணாடியின் குளிர்ச்சி. அர்சினோயிதேரியம் இந்தக் காட்டின் பெருவிலங்கு. மூக்கின்மேல் அருகருகே இரண்டு பருத்த எலும்புக் கொம்புகளை ஏந்திய இதைப் படத்தில் பார்ப்பவர் காண்டாமிருகம் என்றே எண்ணுவார்கள். உறவோ யானையோடும் கடற்பசுவோடும்தான். எலும்பே இல்லாத காண்டாமிருகக் கொம்போடு ஒப்பிட்டால், முழுக்க எலும்பாலான இக்கொம்புகளின் உட்புறம் வெற்றிடமாக இருப்பது வியப்பானது. பண்டை ஃபயூம் மாவட்டத்துக்குத் தன் பெயரை வழங்கிய அர்சினோயி அரசியின் பெயரையே இதற்கும் வைத்தார்கள்.

அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் எல்வின் சைமன்ஸ் 1960களில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் இந்தச் சரிவுகளில் வேலை செய்தார். அவர் 1965இல் பெயரிட்ட ஈஜிப்டோபிதிகஸ், ஆப்பிரிக்க, ஆசியக் குரங்குகளும் வாலில்லாக் குரங்குகளும் மனிதரும் கிளைத்த பொதுத் தண்டுக்கு மிக அருகில் வைக்கப்படும் பூனையளவு விலங்கு. ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த மரங்களின் கிளைகளில் அது தாவித் திரிந்தது. அதை வேட்டையாடியிருக்கக்கூடிய கொன்றுண்ணி ஒன்றின், ஏறக்குறைய முழுமையான மண்டையோட்டை எகிப்தின் மன்சூரா பல்கலைக்கழகக் குழு 2020இல் இதே மலையில் கண்டெடுத்தது. பாஸ்டெட்டோடன் என்று பெயரிட்டு 2025 பிப்ரவரியில் ஷுரூக் அல்-அஷ்கர் முதலானோர் அதை வெளியிட்டார்கள். அந்நிய நாட்டவர் வந்து தோண்டி, பெட்டிகளில் அடைத்து எடுத்துச் சென்ற நிலத்தில், அந்நாட்டின் இளம் ஆய்வாளர்களே இன்று தலைமை தாங்கி வேலை செய்கிறார்கள் என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது.

வித்தான் அல்-ஃபராஸ் என்ற இடத்தில் மலையுச்சியின் பசால்ட்டைப் பண்டை எகிப்தியர் வெட்டியெடுத்த குவாரி இருக்கிறது. கீசாவில் பார்த்த கருங்கல் தளம் நினைவுக்கு வந்தது. கற்களை அன்றைய ஏரிக்கரை வரை இழுத்துச் செல்ல அவர்கள் போட்ட கற்பாவிய பாதை, உலகில் இன்றறியப்படும் மிகப் பழைய தளமிட்ட சாலை. அதில் பாவிய துண்டுகளுக்கு நடுவே கல்மரத் துண்டுகளும் இருக்கின்றன. புவியியலாளருக்கு இந்தப் பசால்ட்டு வேறொரு வகையில் அருமையானது. எரிமலைப் பாறையின் வயதை அதிலுள்ள கதிரியக்கத் தனிமங்களைக் கொண்டு நேரடியாகக் கணக்கிட முடியும் என்பதால், ஏறத்தாழ 2.3 கோடி ஆண்டு வயதுள்ள இந்த மூடிக்குக் கீழே கிடக்கும் எல்லா விலங்குகளும் அதைவிட மூத்தவை என்று உறுதியாகச் சொல்லிவிடலாம்.

புதன், வாதி அல்-ஹித்தான்

திமிங்கிலப் பள்ளத்தாக்கு என்று பொருள்படும் வாதி அல்-ஹித்தான், கெய்ரோவுக்குத் தென்மேற்கே சுமார் 150 கிலோமீட்டர் தொலைவில், வாதி அல்-ரய்யான் காப்புநிலத்துக்குள் இருக்கிறது. 1902-03 குளிர்காலத்தில் பீட்னெல் முதன்முதலில் இங்கே திமிங்கில எலும்புக்கூடுகளைக் கண்டார். ஆனால் வண்டி வந்து சேர அரிதான இந்த இடத்தில் முறையான ஆய்வு 1980களில்தான் நடந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஃபிலிப் கிங்கரிச் தலைமையிலான குழு, எலும்புக்கூடுகளை ஒவ்வொன்றாக வரைபடத்தில் குறித்தபோது, எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் போனது. 2005இல் யுனெஸ்கோ இதை உலக மரபிடமாக அறிவித்தது. பிரமிடுகளும் கோயில்களும் நிறைந்த அந்த நாட்டுக்கு இயற்கை மரபிடம் என்ற வகையில் இது ஒன்றே.

வண்டிகளை வாயிலிலேயே நிறுத்திவிட வேண்டும். அதற்குப் பிறகு, கற்களால் ஓரம் கட்டிய நடைபாதையில் வெயிலில் நடக்க வேண்டும். காற்று அரித்த மஞ்சள் மணற்கல் குன்றுகளுக்கிடையே பாதை வளைந்து செல்கிறது. முதல் எலும்புக்கூட்டுக்கு அருகில் வந்தபோது நான் சற்று நேரம் பேசவில்லை. மணலின்மேல், வரிசை கலையாமல், பருத்த முள்ளெலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கின்றன. விலா எலும்புகள் இருபுறமும் சரிந்திருக்கின்றன. கண்ணாடிப் பேழை இல்லை, கூரை இல்லை. குட்டையான கயிற்று வேலி ஒன்றே நமக்கும் அதற்கும் நடுவே.

இங்குள்ள மிகப் பெரிய திமிங்கிலம் பசிலோசாரஸ் ஐசிஸ். 15 முதல் 18 மீட்டர் வரை நீளமுள்ள, பாம்பைப் போல் ஒடுங்கி நீண்ட உடல். அமெரிக்காவில் கிடைத்த இதன் உறவினத்தின் எலும்புகளைக் கடல்வாழ் ஊர்வன என்று எண்ணி, பல்லிகளின் அரசன் என்று பொருள்படும் இந்தப் பெயரை 1834இல் ரிச்சர்ட் ஹார்லன் வைத்தார். பற்களுக்கு இரட்டை வேர் இருப்பதைக் கண்ட ரிச்சர்ட் ஓவன் அது பாலூட்டி என்று காட்டினார். முள்ளெலும்புகள்தான் பார்ப்பவரைத் திகைக்க வைக்கின்றன. அகலத்தைவிட நீளம் மிகுந்த, உருளையான கட்டைகள் அவை. மிகுந்த ஆழத்துக்கு மூழ்காமல் கடலின் மேற்பரப்பை ஒட்டியே இந்த விலங்கு நீந்தியிருக்கும் என்று கருதுகிறார்கள்.

இத்தனை பெரிய உடலுக்குப் பின்னங்கால்கள் இருந்தன. கிங்கரிச் குழு 1989இல் இந்த மணலில் மண்டியிட்டு வேலை செய்து, தொடையெலும்பு, முழங்கால் சில்லு, கணுக்கால் எலும்புகள், மூன்று விரல்கள் என எல்லாவற்றையும் பொறுக்கியெடுத்து, 1990இல் வெளியிட்டது. நீளம் ஏறத்தாழ ஒரு முழம். இதைக்கொண்டு நடக்கவோ நீந்தவோ முடியாது. நிலத்தில் நடந்த முன்னோரிடமிருந்து வந்த உறுப்பு, பயன் குன்றி, அளவு சுருங்கி, ஆனால் முழங்காலும் விரலும் மாறாமல் உடலோடு ஒட்டிக்கொண்டிருந்த காலத்து உயிர் இது. பரிணாமம் பற்றிய எத்தனையோ விளக்கங்களைப் படித்திருக்கிறேன். மடங்கும் முழங்காலோடு கூடிய ஒரு திமிங்கிலத்தின் காலைப் பார்ப்பதற்கு அவை ஈடாகா.

இந்தக் கதையின் முற்பகுதி நம் துணைக்கண்டத்தில் நடந்தது. ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய பாகிஸ்தானின் ஆற்றோரங்களில் நான்கு கால்களால் நடந்த பாகிசீட்டஸ், காஷ்மீரில் கிடைத்த மான் போன்ற சிறு விலங்கான இண்டோஹையஸ், கச்சின் கடற்படிவுகளில் கிடைத்த கச்சிசீட்டஸ் ஆகியவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால், குளம்புக்கால் விலங்குகளின் ஒரு கிளை கொஞ்சம் கொஞ்சமாக நீருக்குள் இறங்கியது தெளிவாகிறது. டெத்திஸ் என்ற பழம்பெருங்கடல் இந்தியாவையும் எகிப்தையும் ஒரே கரைவரிசையில் இணைத்திருந்தது. அந்தக் கரையோரமாகவே திமிங்கிலங்கள் மேற்கே பரவின. ஃபயூமில் 4.3 கோடி ஆண்டுப் பழைமையான பாறையில் கிடைத்து 2021இல் வெளியிடப்பட்ட ஃபியோமிசீட்டஸ் அனுபிஸ், நிலத்திலும் நீரிலும் வாழ்ந்தது. அதற்குச் சில பத்து லட்சம் ஆண்டுகளுக்குள், இரண்டரை மீட்டர் நீளமே கொண்ட டுட்சீட்டஸ் முழுக்கக் கடலுயிராகிவிட்டது. பசிலோசாரஸ் அதற்கும் பிற்பட்டது, ஏறத்தாழ 3.7 கோடி ஆண்டுகள்.

அடுத்தடுத்த நிறுத்தங்களில் டோருடன் என்ற சிறிய திமிங்கிலங்கள் கிடக்கின்றன. வளர்ந்தது ஐந்து மீட்டர் இருக்கும். ஒரு தாடைத் துண்டில் கன்னப்பல்லைக் கிட்டத்தில் பார்க்க முடிந்தது: முக்கோண வடிவம், இரு விளிம்புகளிலும் படிப்படியாகச் சிறுத்து இறங்கும் கூர்முனைகள், பழுப்பேறிய எனாமலில் இன்னும் மினுமினுப்பு. இங்கு கிடைத்த டோருடன்களில் குட்டிகள் பல. அவற்றின் மண்டையோடுகளில் கடிபட்ட தடங்கள் இருந்தன. 2019இல் வெளியான ஓர் ஆய்வு, பசிலோசாரஸ் ஒன்றின் வயிற்றுப் பகுதியிலேயே குட்டி டோருடன் எலும்புகளும் பெரிய மீன்களின் எச்சங்களும் கிடந்ததை விவரித்தது. அமைதியான இந்த ஆழமற்ற குடாவுக்கு டோருடன்கள் குட்டி ஈன வந்தன. பசிலோசாரஸ் அவற்றைத் தேடி வந்தது. இருவகை எலும்புக்கூடுகளும் ஒரே மணலில், சில நூறு மீட்டர் இடைவெளியில் கிடப்பதைப் பார்க்கும்போது அந்தக் கடலின் அன்றாடம் மனத்தில் உருவாகிவிடுகிறது.

இரவு, அனுமதிக்கப்பட்ட கூடார இடத்தில் தங்கினோம்.

வியாழன், அங்கேயே

காலைச் சாய்வெயிலில் நேற்றுக் கண்ணில் படாதவை தெரிந்தன. நடைபாதையோரம் ஓரிடத்தில், செங்குத்தாக மணற்கல்லுக்குள் இறங்கும் விரல் பருமனான குழல்கள் அடர்ந்திருக்கின்றன. அலையாத்தி மரங்களின் வேர்கள் இவை. பிச்சாவரத்தைப் பார்த்தவருக்கு இவை என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தத் தடங்கள் இருப்பதால்தான் கரை எங்கே இருந்தது, கடல் எந்தப் பக்கமாகப் பின்வாங்கியது என்று சொல்ல முடிகிறது. நம் பாக் நீரிணையில் மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் கடற்பசுவின் தொல்லுறவுகளும் இங்கே மேய்ந்தன. அவற்றுக்கும் சிறுத்துப்போன பின்னங்கால்கள் இருந்தன. கடற்புல் இருந்தால்தான் கடற்பசு இருக்கும் என்பதால், நீர் தெளிந்து ஆழம் குறைந்திருந்தது என்பதற்கு அவையும் சாட்சி. ரம்பம் போன்ற மூக்கு நீண்ட வேளா மீன், சுறாக்களின் பற்கள், ஆமை, முதலை, 2017இல் விவரிக்கப்பட்ட கர்மூட்டஸ் என்ற இரண்டு மீட்டர்க் கெளுத்தி என்று பட்டியல் நீள்கிறது.

எலும்புகளை இருந்த இடத்திலேயே விட்டுவைத்த முடிவு மிகச் சரியானது என்று இங்கே நின்றால் உறுதியாகத் தோன்றுகிறது. 2016இல் திறக்கப்பட்ட சிறிய அருங்காட்சியகம், மணலின் நிறத்திலேயே கட்டப்பட்டு, நிலத்தோடு நிலமாக அடங்கியிருக்கிறது. உள்ளே 18 மீட்டர்ப் பசிலோசாரஸ் ஒன்றைக் காணலாம். அதன் உருவத்தை முழுதாகப் பார்க்க அது தேவைதான். ஆனால் வெளியே கிடப்பதற்கோ சுற்றிலும் அதன் உலகமே இருக்கிறது: எந்த அடுக்கில், எந்தத் திசை நோக்கி, எந்தச் சிப்பிகளோடு அது புதைந்தது என்பதெல்லாம் அதன் வாழ்க்கையைப் பற்றிய செய்திகள். பெயர்த்தெடுத்த கணமே அவற்றில் பாதி போய்விடும்.

இங்கிருந்து தென்மேற்கே உள்ள பஹாரியா பாலைவனச் சோலையின் கதை இதற்கு நேர்மாறு. 1912இல் அங்கு எடுக்கப்பட்ட ஸ்பைனோசாரஸ் என்ற டைனோசரின் எலும்புகளை ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஸ்ட்ரோமர் மியூனிக்குக் கொண்டு சென்று, 1915இல் பெயரிட்டு விவரித்தார். 1944 ஏப்ரலில் அந்நகரின்மேல் விழுந்த குண்டுகள் அத்தனையையும் அழித்தன. ஸ்ட்ரோமரின் வரைபடங்களும் சில நிழற்படங்களுமே எஞ்சின.

பாலைவனமும் எலும்புகளைச் சும்மா விட்டுவைப்பதில்லை. எந்தக் காற்று மணற்கல்லைத் தேய்த்து முள்ளெலும்பை வெளிக்கொணர்ந்ததோ, அதே காற்று மணலை வாரியடித்து அதையும் தேய்க்கிறது. பகலின் கொதிப்பும் இரவின் குளிரும் எலும்பில் விரிசல் விடுகின்றன. பனியில் கரையும் உப்பு அந்த விரிசலுக்குள் புகுந்து படிகமாகி அதை அகலப்படுத்துகிறது. காப்பாளர்கள் சில எலும்புகளுக்குப் பசையேற்றி வலுவூட்டியிருப்பதையும், மிக நுட்பமானவற்றை எடுத்துவிட்டு அச்சுப்பிரதிகளை வைத்திருப்பதையும் எங்கள் வழிகாட்டி காட்டினார். மனிதக் கால்களும் சக்கரங்களும் செய்யும் கேடு காற்றினுடையதைவிட வேகமானது என்பதால், பாதையை விட்டு ஓரடி விலகினாலும் காவலர் குரல் கொடுக்கிறார். சுறாப்பல்லையோ சிப்பியையோ எடுத்துச் செல்வது குற்றம்.

செல்ல விரும்புகிறவர்கள் நவம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களைத் தேர்ந்துகொள்வது நல்லது. கோடையில் நடைபாதையில் நிழலே கிடையாது. கெய்ரோவிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பலாம், எனினும் நண்பகல் வெளிச்சத்தில் எலும்பும் மணலும் ஒரே நிறமாகிவிடுவதால் ஓரிரவு தங்கி மாலையும் காலையும் நடப்பதையே பரிந்துரைப்பேன். வேண்டிய குடிநீரை ஃபயூமிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டு நடக்கத் தொடங்கினால், மணலில் தனியாகக் கிடக்கும் ஒரு முள்ளெலும்பு கழுத்துப் பகுதியதா வால் பகுதியதா என்று வழிகாட்டியின் உதவியின்றியே கண்டுகொள்ளலாம்.